தொட்டவனும் கண்டவனும்: ஐம்புல ஏது பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஓர் எலுமிச்சங்கனியைக் கையிலெடுத்துக் கண்ணாற் காண்கின்றோம், மூக்கான் மோக்கின்றோம், நாவாற் சுவைக்கின்றோம். அதன் மஞ்சள் நிறத்தைக் கண் அறிந்ததேயன்றிப் புளிப்பை அறிந்ததில்லை; புளிப்பை நா அறிந்ததேயன்றி நிறத்தை அறிந்ததில்லை. ஆயினும், ‘மஞ்சளாகக் கண்ட இக்கனியே புளித்தது’ என்று சிறிதும் ஐயுறாது கூறுகின்றோம். இங்ஙனம் கூறுவோன் யாவன்? கண் அன்று, நா அன்று, ஏனைப் பொறிகளுள் யாதொன்றும் அன்று. ஒவ்வொன்றும் தன் புலனை மாத்திரம் அறிந்து பிறிதொன்றன் புலனை அறியாதாகலின், ஐந்தனையும் ஒருங்கறிவது அவ்வைந்தின் வேறாதல் வேண்டும். மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் ஆன்மா உண்டென்பதற்குக் காட்டிய ஏதுக்களுள் இஃதொன்று. நியாய சூத்திரத்து மூன்றாம் அத்தியாயத் தொடக்கத்திற் கௌதமரும், கண்ணாலும் மெய்யாலும் ஒரு பொருளே பற்றப்படுதலை ஏதுவாக்கி இதனையே நிறுவினர்.

இவ்வேதுவை இக்காலத்துச் சொற்பொழிவாளருள் ஒருசாரார், ‘மேனாட்டு அறிவியலார் இன்று காண்பதை நம் ஆசிரியர் அன்றே கண்டனர்’ என்பதற்குச் சான்றாக எடுத்தோதுவர். பிறிதொருசாரார், ‘மூளையின் இயல்பு விளங்கிய இந்நாளில் இவ்வேது செல்லாது’ என்று எளிதில் ஒதுக்குவர். இவ்விருசாரார் கூற்றும் ஏதுவினது எல்லையை அறியாமையான் எழுந்தன என்பதே எமது கருத்து. அதனைக் கற்பனையாற் கூறாது, முந்நூறாண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டுவரும் ஒரு மெய்யான வழக்கினை முன்வைத்துக் காட்டுதும்.

அயர்லாந்து தேயத்து டப்ளின் நகரில் வாழ்ந்த வில்லியம் மாலினியூ என்பார், 1688-ஆம் ஆண்டில் ஆங்கிலத் தத்துவ அறிஞராகிய ஜான் லாக் என்பாருக்கு ஒரு வினா விடுத்தனர். மாலினியூவின் மனைவியார் கண்பார்வை இழந்தவர் என்பது ஈண்டு அறியத்தக்கது. வினா வருமாறு: பிறவிக் குருடன் ஒருவன் ஒரே உலோகத்தாற் செய்யப்பட்டு ஏறக்குறைய ஒரே அளவினவாகிய உருண்டை ஒன்றையும் கனசதுரம் ஒன்றையும் தொட்டு, இஃது உருண்டை, இது சதுரம் எனப் பழகியிருக்கின்றான். அவன் வளர்ந்தபின் கண்பெறுகின்றான். அவ்விரண்டும் அவன்முன் மேசைமீது வைக்கப்படுகின்றன. தொடாமல், கண்ணால் நோக்கிய அளவானே, எஃது உருண்டை, எது சதுரம் என்று அவன் கூறவல்லனோ?

மாலினியூவே ‘வல்லன் அல்லன்’ என்றார். லாக் தமது மனித அறிவு பற்றிய பெருநூலின் இரண்டாம் பதிப்பில், 1694-இல், இவ்வினாவைச் சேர்த்து அவ்விடையையே உடன்பட்டனர். 1709-இற் காட்சியைப் பற்றித் தனிநூல் செய்த பார்க்கிலி என்பார், கண் பற்றும் புலனும் மெய் பற்றும் புலனும் தம்முள் ஒப்பில்லாத இருவேறு சாதியின என்றும், அவற்றை இணைப்பது பழக்கமே என்றும் சாதித்தனர். செர்மானிய அறிஞராகிய லைப்னிட்சு என்பாரோ, உருண்டையும் சதுரமுமாகிய இரண்டே அங்குள்ளன என முன்னர்த் தெரிவித்துவிட்டால், மூலையுடைமை இன்மை முதலியவற்றை ஆராய்ந்து அவன் பகுத்தறிதல் கூடும் என்றனர். எல்லாரும் அளவை கொண்டு வாதித்தனரேயன்றிக் கண்டு கூறினர் அல்லர்.

1728-இற் செசல்டன் என்னும் சத்திர வைத்தியர், பதின்மூன்று பதினான்கு வயதுடைய சிறுவன் ஒருவன் கண்புரை நீங்கிப் பார்வை பெற்ற வரலாற்றினை இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் எழுதினர். தான் தொடும் பொருள்கள் தன் மெய்யைத் தீண்டுமாறு போலவே, காணும் பொருளெல்லாம் தன் கண்ணைத் தீண்டுவனவாக அச்சிறுவனுக்குத் தோன்றிற்றாம். வீட்டிலிருந்த பூனை எது, நாய் எது என்பதனையும் அவன் கண்ணால் அடிக்கடி மறந்தனன். வினவுதற்கு நாணி, ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, பின்னர் அதனை உற்றுநோக்கி, இனி உன்னை அறிந்துகொள்வேன் என்னும் கருத்துப்படக் கூறி விடுத்தனன் என்ப. இவ்வரலாறு நெஞ்சைத் தொடுவதொன்றாயினும், உருண்டையையும் சதுரத்தையும் வைத்துச் செய்த சோதனையன்று. ஆகலின் வழக்கு முடிந்ததாகாது.

முடிவு நம் நாட்டிலேயே கிடைத்தது. மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பவன் சின்ஹா என்பார், வட இந்தியாவிற் பிறவியிலேயே பார்வையிழந்த ஏழைச் சிறாருக்குப் புதுதில்லியில் சத்திர சிகிச்சை செய்வித்து, அவர்தம் காட்சி வளருமாற்றையும் ஆராயும் ‘பிரகாஷ்’ என்னும் திட்டத்தை நடத்திவருகின்றனர். அவரும் அவருடன் உழைத்தோரும் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 8 வயதுமுதல் 17 வயதுவரையுள்ள ஐவர் சோதிக்கப்பட்டனர். சிகிச்சைக்குப்பின் 48 மணி நேரத்துக்குள், விளையாட்டுக் கட்டைகள் போன்ற உருவங்கள் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. தொட்டதனைத் தொட்டே கண்டுபிடிக்கச் சொன்னபோது ஏறக்குறைய நூற்றுக்கு 98 முறை சரியாயிற்று. கண்டதனைக் கண்டே கண்டுபிடிக்கச் சொன்னபோது நூற்றுக்கு 92 முறை சரியாயிற்று. தொட்டதனைக் கண்ணால் தேர்ந்தெடுக்கச் சொன்னபோதோ நூற்றுக்கு 58 அளவிலே நின்றது. இரண்டிலொன்று தேர்தலிற் குருட்டுவாக்கிற் கூறினும் 50 சரியாகுமாகலின், 58 என்பது அறிவு என்னும் பெயர்க்கு உரியதன்று. ஆயின், பின்னர்ச் சோதிக்கப்பட்டோர் சில நாட்களுக்குள்ளேயே, இதற்கெனத் தனிப்பயிற்சி ஏதும் பெறாமலே, இத்தேர்ச்சியிற் பெரிதும் முன்னேறினர்.

இனி இதன்மேல் எழும் பூர்வபக்கத்தைக் குறைக்காது கூறுதும். ‘தொட்டவனே காண்கின்றான் என்பது நும் ஏது. தொட்டவனும் காண்பவனும் ஒருவனே ஆயின், கையால் அறிந்த கட்டையைக் கண் திறந்தவுடன் அவன் இனங்காணல் வேண்டுமன்றே? காண்கிலன். ஆகலின், இருபுலனும் ஒன்றிய அறிவு என்பது முன்னரே அமைந்த ஒரு தலைவனால் வருவதன்று. நாட்பட நரம்புகள் பிணைவதனால் வருவது. பிணைப்பு உண்டாகுமுன் ஒருமை இல்லை, பிணைப்பே ஒருமை.’ இங்ஙனம் கூறுவோரை நகைத்து ஒதுக்குதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. இவ்வினா உண்மையிலேயே நம் ஏதுவின் ஒரு பக்கத்தைத் தீண்டுகின்றது.

விடை கூறுமுன், நம்மவருள் ஒருசாரார் விரைந்து கூறும் ஒரு விடையை விலக்குதல் வேண்டும். ‘அச்சிறார் முதற்கட் பெற்றது நிருவிகற்பக் காட்சி, பின்னர்ப் பெற்றது சவிகற்பக் காட்சி, ஆகலின் சித்தியார் அளவையிற் கூறியதனையே இச்சோதனை மெய்ப்பித்தது’ என்பர் அவர். இது பொருந்தாது. என்னை? நிருவிகற்பமாவது பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தும் விளங்காது, ஏதோ ஒன்று உளது என்னும் அளவாய் நிற்பது. அச்சிறாரோ ஒரு வடிவினை மற்றொரு வடிவினின்றும் கண்ணாலே நூற்றுக்கு 92 முறை பிரித்தறிந்தனர். வடிவு வேறுபாடு அறிந்தாரைக் குணம் அறியாதார் என்றல் எங்ஙனம்? அவர்க்கு இல்லாதிருந்தது, கண் தந்த குணத்தை மெய் தந்த குணத்தோடு இயைத்து ‘இஃது அதுவே’ எனத் துணிதலாகிய ஒன்றே. இரண்டு நூல்களிலும் இரண்டு படிகள் கூறப்படுதல் பற்றி இரண்டும் ஒன்றெனல், இரண்டு கால் உடைமை பற்றி மனிதனையும் கோழியையும் ஒன்றென்பதனோடு ஒக்கும்.

இனி, பூர்வபக்கத்துக்கு விடை. தொட்டவனும் காண்பவனும் ஒருவன் என்றதனால், அவன் கண்டவுடன் இனங்காண்பான் என்பது பெறப்படுமோ? பெறப்படாது. ஒருவனே வடமொழியும் தென்மொழியும் கற்றான் எனின், கற்றவன் ஒருவன் என்பது உண்மையே. ஆயினும் வடமொழிச் சொல் ஒன்றற்குத் தென்மொழிச் சொல் இன்னதென்பதனை அவன் தனியே கற்றல் வேண்டும். கற்பான் ஒருவனாதல் அவ்விணைப்புக்கு வேண்டப்படுவதே. அதுதானே இணைப்பாகிவிடுதல் இல்லை. மேலும், சித்தாந்தத்து ஆன்மா தானே அனைத்தையும் அறிந்திருக்கும் பொருளன்று. கருவிகளோடு கூடியவழி அறிவதும், அவை நீங்கியவழி அறியாது கிடப்பதும், அறிவிக்க அறிவதும் அதன் இயல்பு. மூன்றாஞ் சூத்திரத்திலேயே, அறிவித்தால் அறியும் இயல்பினை ஆசிரியர் மற்றோர் ஏதுவாக வைத்து, ஆன்மாவைத் தானே அறியும் முதல்வனின் வேறு பிரித்தனர். ஆதலின், புதிதாகக் கண்பெற்ற சிறார் முதல்நாள் இனங்காணாமையும், சின்னாளிற் கற்றுக்கொண்டமையும் சித்தாந்தத்துக்கு முரணாவன அல்ல. காண்பான் ஒருவன் என்ற அளவில் நின்று, அறிதற்குக் கருவியும் அறிவிப்பும் வேண்டும் என்பதனை மறந்த வாதங்களையே இச்சோதனை உலைக்கும்.

இவ்விடையொடு நின்றுவிடுதல் எமக்கு எளிது, நேர்மை அன்று. ‘அச்சிறார் கண்டவுடன் இனங்கண்டிருப்பின், அறிவான் ஒருவன் என்பது மெய்யாயிற்று என்பீர், இனங்காணாமையின், அறிவிக்க அறிவான் என்பது மெய்யாயிற்று என்கின்றீர். எவ்வாறு முடியினும் உமக்கே வெற்றியாயின், சோதனையால் உமக்கு ஆவதென்னை?’ என்று பூர்வபக்கத்தார் மீட்டும் வினவுவர். அவ்வினா நியாயமானதே. எவ்வாறு முடியினும் இயையும் கொள்கைக்கு அம்முடிவு சான்றாதல் இல்லை. ஆகவே யாம் கூறத்தக்கது இவ்வளவே: இச்சோதனை சித்தாந்தத்தைக் கெடுத்ததும் அன்று, நிலைநிறுத்தியதும் அன்று. இணைப்பு எவ்வாறு உண்டாகின்றது என்பதனை அது தெரிவிக்கின்றது. இணைந்ததனை அறிவான் யாவன் என்பது அதன் வினாவே அன்று. இதனை ஒப்புக்கொள்ளாது, ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பையும் நம் நூலின் வாயிலில் தோரணமாகக் கட்டுவோர், நாளை அக்கண்டுபிடிப்புத் திருத்தப்படும்போது நூலையும் உடன் இழுத்து வீழ்த்துவாராவர்.

இனி, நூலை ஓதுவார் பலரும் காணாது செல்லும் ஒன்றைக் கூறுதும். மூன்றாஞ் சூத்திரத்து ஏதுக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாதியை நோக்கிக் கூறப்பட்டது. உடம்பே ஆன்மா என்பானை நோக்கியது ஒன்று. ஐம்பொறியே ஆன்மா என்பானை நோக்கியது ஒன்று. பிராணனே ஆன்மா என்பானை நோக்கியது ஒன்று. ஐம்புல ஏது பொறிகளே அறிவன என்பானுக்கு உரிய மறுப்பு. ‘எல்லாப் புலனையும் ஒருங்கு வாங்கும் உட்கருவி ஒன்றுண்டு, அதுவே அறிவது’ என்பானுக்கு அது மறுப்பாகாது. ஏனெனில், ஐந்தனையும் வாங்குவதாகிய மனம் என்னும் உட்கருவியைச் சித்தாந்தியே உடன்படுகின்றான்.

இக்காலத்து மூளை நூலார் யாண்டு நிற்கின்றனர்? கண்ணே காண்கின்றது என்பார் அவருள் ஒருவரும் இலர். பூனையின் நடுமூளையில் ஒளி, ஒலி, ஊறு என்னும் இவற்றுள் ஒன்றற்கு மேற்பட்டவற்றை ஒருங்கு ஏற்கும் நரம்பணுக்கள் உண்டென்பதனை ஸ்டைன், மெரிடித் என்னும் இருவரும் 1980-ஆம் ஆண்டுகளில் விரிவாக ஆராய்ந்து காட்டினர். ஒரு புலனை அறியும் கருவி பிறிதொன்றனை அறியாது என்னும் வாக்கியம் புறப்பொறிகளுக்கு இன்றும் பொருந்தும்; மூளைக்குப் பொருந்தாது. ஆகலின் மூளையே அறிவது என்பாரை மறுக்க ஐம்புல ஏதுவை எடுத்தல், ஒரு நோய்க்கு வைத்த மருந்தை மற்றொரு நோய்க்கு ஊட்டுதல் போலும். மருந்தின்மேற் குற்றமில்லை, ஊட்டினான் மேற்றே குற்றம்.

அவர்க்கு உரிய இடம் நான்காஞ் சூத்திரம். அந்தக்கரணங்களுள் ஒன்றும் ஆன்மா அன்று என்பதும், அமைச்சரொடு கூடிய அரசன்போல ஆன்மா அவற்றொடு கூடி நின்று அறியும் என்பதும் ஆண்டுப் பேசப்படும். மனம் பற்றி ஐயுறும், அகங்காரம் யான் என எழும், புத்தி துணியும், சித்தம் சிந்திக்கும். இவை தொழிலால் வேறாதலின் ஒன்றன் தொழிலை மற்றொன்று செய்யாது. ஆங்கில நூல்களை மொழிபெயர்ப்போர் இந்நான்கனையும், இவற்றுக்கு மேலாகிய உயிரின் அறிவையும் ஒருசேர ‘மனம்’ என்னும் ஒரு சொல்லால் எழுதிவிடுகின்றனர். அதனால், அவர் நூலில் மனம் அறிகின்றது என்று படித்த மாணவன், சித்தாந்தத்தில் மனம் சடம் என்று படித்து மயங்குகின்றான். சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று என்பதனை முதற்கண் உணர்த்துதல் ஆசிரியர் கடன்.

இனி அவ்வரங்கில் மூளை நூலார் கூறுவது யாது? ‘அமைச்சர் கூடிய அவையே ஆட்சி; அரசன் என ஒருவன் வேண்டா’ என்பர். ஐயுறும் பகுதி, துணியும் பகுதி, நினைக்கும் பகுதி ஆகியவை தம்முட் செய்தி மாற்றிக்கொள்வதே அறிவு என்பது அவர் கருத்து. நாம் கூறுவது, செய்தி மாறுதல் வேறு, செய்தி மாறியதனை அறிதல் வேறு என்பது. கைக்குத் தெரிந்த கட்டையைக் கண்ணெதிரே தேடிய அச்சிறுவன், இதுவோ அதுவோ என ஐயுற்றனன், ஒன்றைத் துணிந்தனன், நாட்சென்றபின், முன்னர்த் துணிந்தது பிழை என்பதனையும் அறிதல் கூடும். ஐயமும் துணிவும் பிழையும் தன்னுடையனவே என்று மூன்றனையும் ஒருங்கு உரிமைகொள்ளும் அறிவு, அம்மூன்றனுள் ஒன்றன் தொழிலாக அடங்குமோ என்பதே வினா. கருவிகள் பொருளை அளந்தும் தம்மை அறியா என்று ஐந்தாஞ் சூத்திரத்து ஆசிரியர் கூறியதும் இவ்வினாவையே அடுத்துச் செல்கின்றது. இதனை மறுக்க விழைவார், எத்துணைக் கருவிகள் கூடினும் கூட்டத்துக்குத் தன்னை அறியும் அறிவு எவ்வாறு வந்தது என்பதனைக் காட்டல் வேண்டும். அவ்வாறே, நாட்ட விழையும் நாமும், இஃது அனுமானத்தால் முடிவதன்றி வாயிற்காட்சியால் முடிவதன்று என்பதனை மறவாமை வேண்டும். அறிவானைச் சோதனைச் சாலையின் மேசைமேல் எடுத்துவைத்துக் காட்டுதல் யாவர்க்கும் அரிது. ஆண்டு வைக்கப்படுவது எப்பொழுதும் அறியப்படும் பொருளே ஆகலின்.

ஆயின் இச்சோதனையால் நமக்குப் பயனே இல்லையோ எனின், உண்டு. காட்சி என்பது கண்ணைத் திறந்தவுடன் உலகம் உள்ளே புகுந்து அமர்வது என்று நாம் எண்ணியிருந்தோம். உயிர், அதன் உணர்வு, வாயில், ஒளி, உரு என்று பல கூடியவழியே வாயிற்காட்சி நிகழும் என்று சித்தியார் அளவையிற் படித்தும், அக்கூட்டம் எத்துணை அரியது என்பதனை உணர்ந்திலோம். தில்லியிற் கண்பெற்ற சிறாருக்கு ஒளி இருந்தது, உரு இருந்தது, வாயிலும் திறந்தது, அவருடைய உயிரும் உணர்வும் முன்னரே இருந்தன. எல்லாம் இருந்தும், கை அறிந்த பொருளைக் கண் அறியச் சின்னாள் வேண்டியதாயிற்று. நாம் ஒவ்வொருவரும் தொட்டிலிற் கிடந்த காலத்து அப்பாடத்தைக் கற்றோம், கற்றதனை மறந்தோம், மறந்தமையால், காண்டல் நம் இயல்பிலேயே அமைந்ததொன்று எனச் செருக்குகின்றோம்.

காணுங் கண்ணுக்கு உயிர் காட்டுவதோடு தானும் உடன் காண்கின்றது என்று பதினொராஞ் சூத்திரத்து உவமை செல்கின்றது. கண் திறத்தல் வைத்தியர் தொழில். கண்டதனை இன்னதென அறிதல் கற்பான் தொழில். பூனையைத் தடவிப் பின் உற்றுநோக்கிய அச்சிறுவன் எந்நூலையும் ஓதினான் அல்லன். ஆயினும், தான் அறியாமையை ஒப்புக்கொண்டு, கையும் கண்ணும் ஒருங்கு வைத்துக் கற்கத் தொடங்கினான். நூலைக் கையாலும் உலகைக் கண்ணாலும் பற்ற விழையும் நாம், ஒன்றை மற்றொன்றோடு இயைக்குமுன் அவனைப்போற் சிறிதுநேரம் நாணுதல் நன்று. நாணியபின் கற்றல் அதனினும் நன்று.